மூணு மணிக் கட்டன்

வேல்விழிக்கு ஜீப்பில் ஏறினால் வாந்தி வரும். பஸ்ஸில் வராது, அப்பாவின் டிராக்டரில் வராது. மலையேறுகிற ஜீப்பில் மட்டும், அடிவாரத்து முந்தலைத் தாண்டி முதல் வளைவு திரும்புவதற்குள் வயிறு மேலே எழும்பிவிடும். அப்படிப்பட்டவள்தான், போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஏலத்தோட்டங்களுக்குத் தினமும் ஜீப்பில் போய்த் திரும்பும் பெண்களுக்கு ஏன் ரத்தசோகை வருகிறது என்று ஆராயப்போவதாகப் பல்கலைக்கழகத்தில் எழுதிக் கொடுத்திருந்தாள்.

சின்னமனூரில் வாழை போடும் பால்பாண்டியின் ஒரே மகள் அவள். தொண்ணூற்று நாலில் மனையியல் படிக்க மதுரைக்குக் கிளம்பியபோது சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். "சோறு பொங்கப் படிக்கவா மதுரைக்குப் போகணும்? அத அவ ஆத்தாகிட்டயே படிக்கலாமே" என்றார்கள். பால்பாண்டி யாருக்கும் பதில் சொல்லாமல் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மகளோடு பஸ் ஏறினார். பட்டம் முடிந்து மேல்படிப்பு, அதுவும் முடிந்து ஆராய்ச்சி என்று நீண்டுகொண்டே போனதும், மகள் என்னதான் படிக்கிறாள் என்று கேட்பவர்களுக்கு அவர் ஒரு பதில் தயாராக வைத்திருந்தார். "ரத்தப் படிப்பு." அதற்கு மேல் யாரும் கேட்கத் துணிந்ததில்லை.

மேல்படிப்பின் கடைசி வருஷம் மாணவிகளைப் போடிக்கு ஒரு வாரம் முகாம் கூட்டிப்போயிருந்தார்கள். வீடுவீடாகப் போய் அந்த வீட்டுப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள், என்ன நோவு இருக்கிறது என்று கேட்டு எழுத வேண்டும். மலைக்கு வேலைக்குப் போகிறவர்கள் அதிகம் இருந்த ஒரு தெருவில் பகல் முழுக்கப் பெண்களே இல்லை. வீட்டில் இருந்த ஆண்கள், "அவளுக்கென்ன, நல்லாத்தான் இருக்கா" என்றார்கள். கூட வந்த மாணவிகள் அதை அப்படியே எழுதிக்கொண்டார்கள். சாயங்காலம் ஜீப்புகள் வந்து நின்றபோதுதான் வேல்விழி அந்தப் பெண்களைப் பார்த்தாள். ஜீப்பிலிருந்து இறங்கிய ஒருத்தி, இறங்கிய இடத்திலேயே சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் குனிந்து நின்றாள். தலை சுற்றல் தெளிந்ததும், ஒன்றும் நடக்காதது போலத் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு நடந்தாள். மற்ற யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாருக்கும் அது பழகிப்போன விஷயம் என்று வேல்விழிக்குப் புரிந்தது. இரண்டு வருஷம் கழித்து ஆராய்ச்சிக்கு என்ன தலைப்பு என்று வழிகாட்டிப் பேராசிரியை கிருபாவதி கேட்டபோது, அந்த ஜீப்தான் அவள் மனதில் வந்து நின்றது.

விடுதியில் அவளோடு ஒரே அறையில் இருந்த ஜான்சி போடிக்காரி. நுண்ணுயிரியல் ஆராய்ச்சி மாணவி. அவளுடைய அப்பா ஞானதுரைக்குப் போடி கடைவீதியில் போட்டோ ஸ்டுடியோ. ஸ்டுடியோவுக்கு மேலே மாடியில்தான் வீடு. சின்னமனூரிலிருந்து வந்தால் விடியற்காலை ஜீப்பைப் பிடிக்க முடியாது என்பதால், அங்கேயே தங்கிக்கொள்ளலாம் என்று ஜான்சி சொல்லிவிட்டாள். இப்படியாக இரண்டாயிரத்து ஒன்று ஆடி மாதத்துச் சாரலில் வேல்விழி ஆராய்ச்சிக்காக முதல் தடவை மலைக்குப் போகும் ஜீப்பில் ஏறினாள்.

அந்த ஜீப்பை ஓட்டியவன் விஜயபாண்டி. ஆனால் ஜீப்பை நடத்தியது அவன் அம்மா அன்னத்தாய். அவளும் கா எடுக்க, அதாவது ஏலக்காய் பறிக்கப் போகிறவள்தான். யார் எங்கே உட்கார வேண்டும், யார் யார் மடியில் தூக்குவாளியை வைக்க வேண்டும், வழியில் ஜீப் எங்கே நிற்க வேண்டும் எல்லாம் அவள் வாக்கு. நாலாவது வளைவில் வேல்விழி வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தபோது, அன்னத்தாய் பின்னாலிருந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். முடிந்ததும் முந்தியிலிருந்து காய்ந்த நாரத்தங்காய்த் துண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

"வாயில அடக்கிக்க. முழுங்கிராத."

தோட்டத்தில் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் வேல்விழி தான் வந்த காரியத்தைச் சொன்னாள். விரல் நுனியில் சின்னதாகக் குத்தி ரத்தம் எடுக்க வேண்டும், உடம்பில் ரத்தம் எவ்வளவு பலமாக இருக்கிறது என்று அதில் தெரியும் என்றாள். சாரல் காலத்து ஏலத்தோட்டத்தில் அட்டைக்குப் பஞ்சமில்லை. காலில் ஏறிய ஓர் அட்டையைப் பிய்த்துத் தூர எறிந்துவிட்டு அன்னத்தாய் கேட்டாள்.

"இது குடிக்கிறது போதாதுன்னு நீ வேற வந்தியாக்கும்?"

பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். வேல்விழியும் சிரித்துவிட்டாள். அன்னத்தாய் மட்டும் சிரிக்கவில்லை.

"எங்க ரத்தத்த எடுத்து எழுதி நீ பெரிய படிப்புப் படிச்சு வேலைக்குப் போயிருவ. எங்களுக்கு என்னாத்தா கெடைக்கும்?"

"யாருக்கு ரத்தம் கொறச்சலோ அவுகளுக்கு மாத்திரை வாங்கித் தர முடியும், பெரியம்மா. அதுக்கு மேல என்னால என்ன முடியும்னு எனக்கே இன்னும் தெரியல."

அன்னத்தாய் தூக்குவாளியை மூடினாள். "பரவால்ல, பொய் சொல்லத் தெரியல ஒனக்கு. மொதல்ல எங்ககூடக் கா எடு. ரத்தத்தப் பெறகு பாப்பம்."

ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. அடித்தூரில், தரையோடு தரையாகச் சரம் ஓடி அதில் காய்க்கும். குனிந்தபடியே நாள் முழுக்க எடுக்க வேண்டும், அதிலும் விளைந்த காயை மட்டும் பார்த்து எடுக்க வேண்டும். வேல்விழி விளைந்தது விளையாதது எல்லாவற்றையும் பறித்து மேற்பார்வையாளர் தங்கபாண்டியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். ஆனாலும் மறுநாளும் வந்தாள், அதற்கு மறுநாளும் வந்தாள். சரிவில் ஏறும்போது மற்றவர்களைவிட அவளுக்குத்தான் மூச்சு வாங்கியது. வாந்தி எடுத்த களைப்பு என்று நினைத்துக்கொண்டாள். ஆவணி பிறந்தபோது பெண்களே விரலை நீட்டத் தொடங்கினார்கள்.

அங்கேதான் அவள் ஒரு தப்புச் செய்தாள்.

அந்த ஜீப்பில் வருகிறவர்களில் ஜக்கம்மா என்று ஒருத்தி. வேல்விழியைவிட இரண்டு மூன்று வயது மூத்தவள். லாரியில் கிளீனராகப் போன புருஷன் வடக்கே எங்கோ காய்ச்சலில் செத்துப்போனான். மூன்று வயது மகள் கயலை அம்மா வீட்டில் விட்டுவிட்டு மலைக்கு வந்துகொண்டிருந்தாள். அதிகம் பேசமாட்டாள். அவள் ரத்தத்தைச் சோதித்தபோது வேல்விழிக்குத் தன் கண்ணையே நம்ப முடியவில்லை. பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஆறுதான் இருந்தது. பதறிப்போய், சாயங்காலம் இறங்கும்போது ஜீப்பில் எல்லாருக்கும் நடுவில் சொல்லிவிட்டாள்.

"அக்கா, நீங்க நாளைக்கு வேலைக்கு வரக் கூடாது. நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க. உங்க ரத்தத்துல ரொம்பக் கோளாறு இருக்கு."

அந்தக் காலத்தில் கம்பம் ரோட்டில் எந்தச் சுவரைப் பார்த்தாலும் எய்ட்ஸ் பற்றிய எச்சரிக்கைதான் எழுதியிருக்கும். எழுத்து எல்லாருக்கும் தெரிந்தது, விஷயம் யாருக்கும் சரியாகத் தெரியாது. லாரிக்காரன் பெண்டாட்டி, ரத்தத்தில் கோளாறு. இரண்டையும் கூட்டிப் பார்க்க ஒரு ராத்திரி போதுமாக இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரை வாங்கிக்கொண்டு இரண்டு நாள் கழித்து ஜீப் ஸ்டாண்டுக்கு வந்த ஜக்கம்மாவை யாரும் பக்கத்தில் சேர்க்கவில்லை. விஜயபாண்டி அவள் முகத்தைப் பார்க்காமல், "வண்டி நெறஞ்சு போச்சு, வேற ஜீப்புல வாங்க" என்றான். வேறு ஜீப்புகளிலும் அதையே சொன்னார்கள். அன்னத்தாய் ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருந்ததே போதுமானதாக இருந்தது.

வேல்விழி அந்த இரண்டு நாளும் மதுரைக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது ஸ்டாண்டின் ஓரத்தில் ஜக்கம்மா தூக்குவாளியோடு தனியாக நின்றுகொண்டிருந்தாள். ஜீப்புகள் எல்லாம் போயிருந்தன.

"நீ நல்லதுக்குத்தான் சொன்ன" என்றாள் ஜக்கம்மா. அவள் குரலில் கோபம்கூட இல்லை. "என்கிட்டத் தனியாச் சொல்லியிருக்கலாம்ல."

வேல்விழி அடுத்த பஸ்ஸிலேயே மதுரைக்குத் திரும்பி, கிருபாவதி மேடத்தின் அறையில் போய் நின்று அழுதாள். மேடம் கண்டிப்பானவர். மாணவிகள் அவர் அறைக் கதவைத் தட்டுவதற்கு முன்னால் துப்பட்டாவைச் சரிசெய்துகொள்வார்கள். அவர் அன்றைக்குத் திட்டவில்லை. அழுது முடிக்கட்டும் என்று விட்டுவிட்டுக் கேட்டார்.

"இன்னும் எத்தனை பேருக்கு ரத்தம் எடுக்கணும்?"

"பாதிக்கு மேல இருக்கு மேடம்."

"எடுக்க வேண்டாம். ஆராய்ச்சி அப்படியே நிக்கட்டும். அந்தப் பொண்ணு மறுபடி அந்த ஜீப்புல உக்காரணும். அதுக்கு வழி பாரு. அதுக்குப் பிறகு என்கிட்ட வா."

என்ன வழி என்று அவர் சொல்லவில்லை. விடுதி அறையில் ஜான்சியோடு உட்கார்ந்து யோசித்ததில் ஒன்று தோன்றியது. இந்தச் சோதனை என்ன என்பதை இதுவரை அவள் யாருக்கும் முழுசாகக் காட்டியதே இல்லை. ரத்தத்தை எடுத்துக்கொண்டு தோட்டத்து ஷெட்டுக்குள் போய், வந்து ஒரு எண்ணைச் சொல்லியிருக்கிறாள், அவ்வளவுதான். மூடிவைத்த இடத்தில்தான் வதந்தி முளைத்திருக்கிறது.

ஜக்கம்மாவிடம் முதலில் போய்க் கேட்டாள். "ஒங்க பேர எடுக்கமாட்டேன்க்கா. ஆனா நீங்க வரணும். வருவீகளா?" ஜக்கம்மா ரொம்ப நேரம் யோசித்துவிட்டு வருகிறேன் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மலைக்கு வேலை கிடையாது. தெருக்குழாய்ப் பக்கம் பத்து மணிக்கு மேல் கூட்டம் இருக்கும். வேல்விழியும் ஜான்சியும் அங்கே ஒரு மேசையைப் போட்டுச் சோதனைக் குழாய்களை எடுத்துவைத்தார்கள். பெண்கள் குடத்தோடு சுற்றி நின்றார்கள். விஜயபாண்டியும் ஜீப்பைத் துடைக்கிற சாக்கில் அங்கே நின்றான். வேல்விழி யாரையும் கூப்பிடவில்லை. தன் விரலையே நீட்டினாள். ஜான்சி குத்தினாள். ரத்தத்தைக் கண்ணாடிக் குழலில் உறிஞ்சி, சோதனைக் குழாயில் இருந்த திராவகத்தில் விட்டதும் அது கறுத்துப்போய்க் கொஞ்சநேரத்தில் காப்பி நிறமானது.

"பாத்துக்கங்க. இப்ப இதுல சொட்டுச் சொட்டாத் தண்ணி விடுவோம். பக்கத்துல இருக்குற இந்தக் கண்ணாடியோட நெறமும் இதும் ஒண்ணாகுற வரைக்கும் விடுவோம். அதோட நிறுத்திக்கிருவோம். எவ்வளவு தண்ணி தாங்குச்சோ அவ்வளவு பலம் ரத்தத்துல இருக்குன்னு அர்த்தம். வேற எந்த நோயும் இதுல தெரியாது. தெரியவே தெரியாது." அவள் ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்ததையும் சொன்னாள். "அப்படியே ஒருத்தருக்கு அந்த நோய் இருந்தாலும், பக்கத்துல உக்காந்தா ஒட்டாது. ஒரே ஜீப்புல போனா ஒட்டாது. நான் பக்கத்துலதான் உக்காருவேன்."

ஜான்சி தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்சம் விட்டதுமே நிறம் ஒன்றாகிவிட்டது. ஜான்சி குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். திரும்பவும் பார்த்தாள்.

"என்னடி?" என்றாள் வேல்விழி.

"ஏழரை."

"ஒழுங்காப் பாரு."

"ஒழுங்காத்தான் பாத்தேன். ஏழரைதான்."

அன்னத்தாய்க்கு ஏற்கெனவே ஒன்பது என்று வந்திருந்தது. சத்துணவு படித்து, சத்துணவில் ஆராய்ச்சி செய்கிறவள், காலையில் பட்டினி கிடந்து விடுதி டீயிலேயே நாளை ஓட்டிக்கொண்டிருந்தவள், அத்தனை பெண்களுக்கு முன்னால் முகம் சிவக்கக்கூட ரத்தமில்லாமல் நின்றாள். அன்னத்தாய்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"ஏழரையா? அடி ஆத்தீ, சனியில்ல பிடிச்சிருக்கு இவளுக்கு!"

குழாயடி முழுக்கச் சிரிப்பு வெடித்தது. கூட்டத்தின் கடைசியில் நின்ற ஜக்கம்மாவும் சிரித்தாள். பல நாளைக்குப் பிறகு அவள் சிரித்ததை மற்றவர்கள் பார்த்தார்கள். சிரித்து ஓய்ந்ததும், அன்னத்தாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளிடம் போனாள்.

"நாளைக்கு வந்துருடி. என் பக்கத்துல உக்காந்துக்க."

மறுநாள் காலையில் ஜீப்பில் ஜக்கம்மாவுக்கு ஒரு பக்கம் அன்னத்தாய், இன்னொரு பக்கம் வேல்விழி. விஜயபாண்டி வண்டியை எடுப்பதற்கு முன் இறங்கிப் பின்னால் வந்து, "அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றான். யாரிடம் சொல்கிறான் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. ஜக்கம்மா, "வண்டிய எடுங்க, நேரமாகுது" என்றாள்.

அன்றிலிருந்து வேல்விழியைத் தேற்றுகிற பொறுப்பை ஜீப் மொத்தமும் எடுத்துக்கொண்டது. ஒருத்தி முருங்கைக்கீரைப் பொரியல் கொண்டுவந்தாள், ஒருத்தி கேப்பைக்களி. அன்னத்தாய் கறிக்கடையில் சொல்லிவைத்து, ஆட்டின் மண்ணீரலான சுவரொட்டியை வாங்கி மிளகு போட்டு வதக்கி எடுத்துவந்து, அவள் தின்று முடிக்கிற வரைக்கும் எதிரில் உட்கார்ந்திருந்தாள். விஷயம் சின்னமனூருக்கும் எட்டியது. பால்பாண்டி ஒரு செவ்வாழைத் தாரைத் தோளில் சுமந்துகொண்டு ஸ்டுடியோவுக்கே வந்துவிட்டார். "ஊருக்கெல்லாம் ரத்தம் பாக்குற. ஒன் ரத்தத்தப் பாக்க மாட்டியா?" என்று மகளைத் திட்டிவிட்டு, ஜீப்புக்காரப் பெண்களுக்கும் சேர்த்துப் பழத்தைப் பிரித்துக் கொடுக்கச் சொல்லிப் போனார்.

வேல்விழி மேடத்திடம் போனாள். மேடம் நடந்ததைக் கேட்டுவிட்டு, "சரி, இப்ப எடு" என்றார். இந்தத் தடவை ஒவ்வொருத்தி முடிவையும் அவளவளிடம் தனியாகச் சொன்னாள்.

ரத்தம் ஏன் குறைகிறது என்று பார்க்க, வயிற்றில் கொக்கிப்புழு இருக்கிறதா என்றும் சோதிக்க வேண்டியிருந்தது. வெறுங்காலோடு ஈரமண்ணில் நிற்பவர்களுக்கு அது வரும். அது ஜான்சியின் வேலை. அதற்கு மலம் வேண்டும். மலத்தைப் போட்டுக் கொடுக்க மூடி இறுக்கமான டப்பா வேண்டும். அப்பாவின் ஸ்டுடியோவில் காலி பிலிம் ரோல் டப்பாக்கள் மூட்டையாகக் கிடக்க, ஜான்சி வேறு எங்கே தேடுவாள்? டப்பாவைக் கையில் வாங்கிய பெண்கள், "இதுக்குள்ள எப்படிடி குறி பாத்துப் போறது?" என்று கேட்டுக்கேட்டுச் சிரித்ததில் அன்றைக்கு ஜீப் வளைவுகளில் கூடுதலாக ஆடியது.

மறுநாள் நிறைந்து வந்த டப்பாக்களை ஒரு துணிப்பையில் போட்டு ஜான்சி கடைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கைகழுவ மாடிக்குப் போனாள். கெங்குவார்பட்டிக் கல்யாணத்தில் எடுத்த ரோல்களும் அன்றைக்குத்தான் வருவதாக இருந்தன. ஞானதுரை பையை எடுத்துக்கொண்டு இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். சிவப்பு விளக்கைக்கூடப் போடாமல், கைப்பழக்கத்திலேயே முதல் டப்பாவைத் திறந்தார்.

கொஞ்ச நேரம் உள்ளே ஒரு சத்தமும் இல்லை. பிறகு கதவு திறந்தது. ஞானதுரை கையை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்தபடி, யாரையும் பார்க்காமல் பின்கட்டுக் குழாய்க்குப் போனார். வெகுநேரம் சோப்புப் போட்டார். வேல்விழியும் ஜான்சியும் மாடிப்படியில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர் வந்து கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"எதுக்கும்மா இது?"

ஜான்சி தயங்கித்தயங்கிச் சொன்னாள். அவர் முழுசாகக் கேட்டார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து சிவப்புத் தாள் ஒன்றை எடுத்து, பட்டைபட்டையாக வெட்டத் தொடங்கினார். "இத ஒவ்வொண்ணுலயும் ஒட்டுங்க. ஆண்டவர் புண்ணியத்துல கல்யாண ரோல் தப்பிச்சது." அதற்குப் பிறகு அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அவர் இதைப் பற்றிப் பேசியதே இல்லை. ஆனால் காலி டப்பா தீர்ந்துவிடாமல் பார்த்துக்கொண்டார்.

பாதிப் பேருக்குப் புழு இருந்தது. மாத்திரை கொடுத்தால் தீரும். அது தீர்ந்த பிறகும், இரும்புச்சத்து மாத்திரை விழுங்கிய பிறகும், ரத்தம் எதிர்பார்த்த அளவு ஏறவில்லை. வேல்விழி அவர்கள் சாப்பிடுவதைத் திரும்பவும் உட்கார்ந்து கவனித்தாள். மத்தியானம் பெண்கள் தூக்குவாளியைத் திறக்கிற நேரம், தோட்டத்து ஷெட்டிலிருந்து பெரிய பாத்திரத்தில் கட்டன் சாயா வரும். பாலில்லாத, நன்றாகக் கொதித்துக் கறுத்த டீ. சோற்றுக்கு இரண்டு வாய், கட்டனுக்கு ஒரு வாய் என்று மாற்றிமாற்றிக் குடிப்பார்கள். சோற்றிலும் கீரையிலும் இருக்கிற கொஞ்சநஞ்ச இரும்பை அந்தக் கட்டன் உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்கிறது. புத்தகத்தில் படித்து அவளுக்கு இது தெரியும். கண்ணுக்கு முன்னால் தினமும் நடந்ததை, தானும் கூடச் சேர்ந்து குடித்துக்கொண்டே, இத்தனை நாள் பார்க்காமல் விட்டிருந்தாள்.

சொன்னபோது பெண்கள் ஒத்துக்கொள்ளவில்லை.

"இந்தக் குளுருக்குக் கட்டன் இல்லாம ஆறிப்போன சோறு எப்படி எறங்கும்?"

"மாத்திரயும் தின்னுட்டோம், புழுவுக்கும் மருந்து குடிச்சாச்சு. இப்ப இதும் கூடாதா?"

வேல்விழி வற்புறுத்தவில்லை. "விடச் சொல்லல. சோத்தோட வேண்டாம், ரெண்டு மணி நேரம் கழிச்சுக் குடிங்கன்னுதான் சொல்றேன். சோத்துக்கு வெந்நி குடிங்க" என்றாள். அன்னத்தாய் அடுத்த வாரம் தானே தங்கபாண்டியிடம் போய் நின்றாள்.

"சாமி, ஒரு மணிக்கு ஊத்துற கட்டன மூணு மணிக்கு ஊத்தச் சொல்லுங்க."

"மூணு மணிக்கு எல்லாரும் கட்டன் குடிக்க ஒக்காந்தா வேல யாரு பாக்குறது?"

"மூணு மணிக்குத்தான் எங்களுக்குக் கையி ஓடமாட்டேங்குது. அப்ப ஒரு கிளாஸ் சூடா உள்ள போனா வீட்டுக்குப் போற வரைக்கும் ஓடும். அதே கட்டன்தான், கூட ஒரு கிளாஸ் கேக்கல."

தங்கபாண்டி ஒரு வாரம் பார்க்கலாம் என்றார். சாயங்காலம் காய் குறையவில்லை என்று தெரிந்ததும் மூணு மணிக் கட்டனே நிலைத்துவிட்டது. வெந்நீருக்கு விறகு செலவாகிறது என்று மட்டும் முணுமுணுத்தார்.

பக்கத்துத் தோட்டத்தில் பழையபடி சோற்றோடுதான் கட்டன். அதனால் இரண்டையும் ஒப்பிட முடிந்தது. ஆறு மாதத்தில் வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது. கிருபாவதி மேடம் கணக்கைப் பார்த்துவிட்டுச் சந்தோஷத்தில் மேசையைத் தட்டினார். வேல்விழிக்கோ பக்கத்துத் தோட்டத்துப் பெண்களை நினைத்து உறுத்தியது. முடிவு வந்த அன்றைக்கே அங்கே போய்ச் சொன்னாள். அந்தத் தோட்டத்து மேற்பார்வையாளர் ஒத்துக்கொள்ளவில்லை. அங்கே பெண்கள் கட்டனை வாங்கித் தூக்குவாளி மூடியில் ஊற்றி வைத்துக்கொண்டு, மூணு மணிக்கு ஆறிப்போனதைக் குடிக்கப் பழகினார்கள். சிலர் பழகவில்லை. மலை முழுக்க இருந்த மற்ற தோட்டங்களில் ஒன்றும் மாறவில்லை.

இரண்டாயிரத்து ஐந்தில் வாய்மொழித் தேர்வு. யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து கேட்கலாம் என்று வேல்விழி பேச்சுவாக்கில் சொல்லியிருந்தாள். அன்றைக்குக் காலையில் பல்கலைக்கழக வாசலில் விஜயபாண்டியின் ஜீப் வந்து நின்றது. கல்யாண வீட்டுக்கு உடுத்துகிற சேலைகளில் பெண்கள் இறங்கினார்கள். பின்னாலேயே பால்பாண்டி வெள்ளை வேட்டியில் வந்தார். மெத்தை வைத்த நாற்காலிகளில் எல்லாரும் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். பேச்செல்லாம் இங்கிலீஷில் நடந்தது. வேல்விழி பெயர் காதில் விழுந்தபோதெல்லாம் அவர்கள் கைதட்டினார்கள். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் இரண்டாவது தடவையிலிருந்து அதற்காக நிறுத்திப் பேசத் தொடங்கினார்.

கடைசியில் அவர், இந்த ஆராய்ச்சியில் என்ன குறை என்று நினைக்கிறாய் என்று கேட்டார். கிருபாவதி மேடம் எழுந்து, "இதைத் தமிழ்ல சொல்லு. வந்திருக்கிறவங்களுக்கும் புரியட்டும்" என்றார்.

வேல்விழி மனப்பாடம் செய்து வைத்திருந்த பதில் வேறு. அதைச் சொல்லவில்லை. "ஆரம்பத்துல ஒருத்தங்களோட முடிவை நான் எல்லாருக்கும் முன்னால சொல்லிட்டேன். அதனால அவங்க வேலை போச்சு, மரியாதை போச்சு. நான் செஞ்ச பெரிய குறை அதுதான். அவங்க பேரை எங்கயும் எழுதல."

கடைசி வரிசையில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. ஜக்கம்மா எழுந்து நின்றிருந்தாள்.

"அது நாந்தான்யா" என்றாள் தேர்வாளரைப் பார்த்து. "இப்ப எனக்குப் பன்னெண்டு இருக்கு."

சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். இந்தத் தடவை கைதட்டலைத் தொடங்கியது தேர்வாளர். வேல்விழிக்குக் கண் நிறைந்து எதிரில் இருந்தவர்கள் கலங்கித் தெரிந்தார்கள்.

அதற்கு அடுத்த வருஷம் தேனியில் ஒரு கல்லூரியில் அவளுக்கு வேலை கிடைத்தது. மயிலாடும்பாறையில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த திலீபனுக்கும் அவளுக்கும் கல்யாணம் நடந்தது. அதே வருஷம் இன்னொரு கல்யாணமும் நடந்தது. விஜயபாண்டி ஜக்கம்மாவைக் கட்டிக்கொள்கிறேன் என்று வீட்டில் சொன்னபோது, அன்னத்தாய் மூன்று மாதம் மகனோடு பேசவில்லை. பிள்ளையோடு இருக்கிறவளைப் போய் என்று வேல்விழியிடம் வந்து அழுதாள். நீ சொன்னால் அவன் கேட்பான், சொல்லு என்றாள். வேல்விழி சொல்ல மறுத்துவிட்டாள். அவளோடும் ஒரு மாதம் பேச்சில்லை. பிறகு ஒருநாள், எட்டு வயதுக் கயல் தன் வீட்டுக்கு வந்து தோசைக்கு அடம்பிடித்து உட்கார்ந்திருப்பதாக அன்னத்தாயே போன் பண்ணிச் சொன்னாள். குரலில் புகார் இருந்தது. தோசை சுடுகிற சத்தமும் கேட்டது.

இரண்டாயிரத்து ஒன்பது ஐப்பசியில் அன்னத்தாய் கல்லூரிக்கே வந்தாள். வேல்விழி ஆசிரியர் அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். இப்போது மாணவிகளை அழைத்துக்கொண்டு மாதம் ஒரு தடவை மலைக்குப் போகிறாள். தோட்டங்களில் பெண்களுக்குக் கக்கூஸ் இல்லாததால் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள் என்பதுதான் இப்போதைய ஆராய்ச்சி. இதுவரை இரண்டு தோட்டத்துக்காரர்கள்தான் இசைந்திருந்தார்கள். அன்னத்தாய் மற்ற ஆசிரியர்களுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, வேல்விழிக்கு எதிரில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என் மருமக என்னய மதிக்கமாட்டேங்குறா."

"என்ன பெரியம்மா ஆச்சு?"

"நான் வைக்கிற கொழம்புல புளி கூடன்னு சொல்றா. மொதல்லாம் வாயத் தொறக்கமாட்டா, பாவம். நீதான் மாத்திர குடுத்து ரத்தத்த ஏத்திவிட்ட. இப்ப அந்தத் தெம்புல என்ன வாயிங்குற!" சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மற்ற ஆசிரியர்களும் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "இவனும் அவ பக்கந்தான் பேசுறான். கயலு கூட அவ ஆத்தா பக்கம். நான் யாருட்டப் போயிச் சொல்ல?"

"புளி கூடத்தான இருந்துச்சு?"

அன்னத்தாய் கொஞ்சம் யோசித்தாள். "கூடத்தான் இருந்துச்சு. அதுக்கு அத மூஞ்சிக்கு நேரா சொல்லணுமா?"

வேல்விழி விடைத்தாள்களைக் கட்டி வைத்துவிட்டு எழுந்தாள். மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்திருந்தது. இருவரும் கல்லூரி வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தார்கள். அன்னத்தாய் கொண்டுவந்திருந்த தூக்குவாளியில் அந்தக் குழம்புதான் இருந்தது. மருமகளே ஊற்றிக் கொடுத்து அனுப்பியதாம். வேல்விழி ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்தாள். புளி கூடத்தான். அதைச் சொல்லாமல் இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டாள்.